ஃபெரிட்டின் 13, பச்சை நிறத்தில்: ஒரு களைப்புப் பரிசோதனைத் தொகுப்பைப் பற்றி

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுத்த பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. லேபுக்கு நாலரை. ரிப்போர்ட்டோடு சேர்ந்து வந்த "உங்கள் முடிவுகளின் விளக்கம்" என்ற பகுதிக்கு ஒன்றரை. அந்த பி.டி.எஃப்.பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த "மருத்துவருடன் பேச" என்ற வசதிக்கு மறுபடியும் ஐந்து. நான்கையும் கூட்டி வகுத்தால் நாலு வரும், கௌரவமான சராசரிதான். ஆனால் இந்த இடத்தில் சராசரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏனென்றால், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆப்பை மூடிவிடுவார்கள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள். வயது 41. பல மாதங்களாகக் களைப்பு. வேலை செய்ததால் வருகிற அசதி எனக்குத் தெரியும்; ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் அது போய்விடும். இது அப்படிப் போகவில்லை. இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. இரவில் படுத்தால் கால் ஒரு இடத்தில் நிற்காது. வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு, "12-க்கு மேல் இருக்கிறது, இரத்தசோகை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகுதான் "களைப்பும் ஹார்மோனும்" என்ற பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட அளவுகளைக் கட்டி விற்கும் இந்தத் தொகுப்பைப் பதிவு செய்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தத் தொழிலில் முக்கால்வாசித் தொகுப்புகள் இதே அச்சில் வார்த்தவை, அதனால் நான் சொல்லப்போவது மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இரத்தம் எடுக்க வந்த பெண் உண்மையிலேயே தேர்ந்தவர். என் கை நரம்பு சட்டென்று கிடைக்காது. அவர் அவசரப்படவில்லை; கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடச் சொன்னார், தடவிப் பார்த்தார், ஒரே குத்தில் எடுத்தார். ஊதா மூடிக் குழாயை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினார். என் பெயரையும் பிறந்த தேதியையும் என் வாயாலேயே சொல்லச் சொல்லி, என் கண் முன்னால் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டினார். சாம்பிள் மாறிப்போவது இந்தத் தொழிலில் நடக்கிற விஷயம். அதைத் தடுப்பது இந்தச் சின்ன ஒழுங்குதான். அவர் வந்த நேரம் மட்டும் காலை பத்தரை. நான் கேட்டது எட்டு மணி. இந்தத் தாமதம் பின்னால் ஒரு விஷயத்தில் தொல்லை கொடுத்தது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கோடு, அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை. என்னுடைய எண் எங்கே நிற்கிறது என்று ஒரு புள்ளி. பார்க்க அழகு. ஃபெரிட்டின் 13 என்று வந்திருந்தது. லேபின் வரம்பு 10 முதல் 200 வரை. எனவே புள்ளி பச்சையில். கீழே ஒரு வரி: "உங்கள் இரும்புச் சேமிப்பு ஆரோக்கியமாக உள்ளது."

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஃபெரிட்டின் என்பது உடல் இரும்பைப் பத்திரப்படுத்தி வைக்கும் புரதம். கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருப்பு எவ்வளவு என்பதற்கு இரத்தத்தில் கசியும் அதன் அளவு ஒரு அடையாளம். மாடித் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன பிறகும் கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். தொட்டி காய்ந்தபிறகுதான் குழாய் நிற்கும். ஹீமோகுளோபின் அந்தக் குழாய், ஃபெரிட்டின் அந்தத் தொட்டி. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இருப்பு தீர்ந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இருப்பு குறைவு என்கிறது. சிகிச்சை கொடுக்கும் மருத்துவர்கள் பலர் 30-ஐ எல்லையாக வைக்கிறார்கள். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்தசோகை உள்ளவர்களுக்கு 45 என்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் 13 தேறாது. அது ஆரோக்கியம் என்று எழுதிய மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம், 13 என்பது 10-ஐ விடப் பெரிது என்பது மட்டும்தான்.

அப்படியானால் லேபின் வரம்பு ஏன் 10-ல் தொடங்குகிறது? வரம்பு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். ஆரோக்கியமானவர்கள் என்று தோன்றுகிற ஒரு கூட்டத்தை எடுத்து அளந்து, நடுவில் விழும் 95 சதவீதத்தை "நார்மல்" என்று வைத்துக்கொள்கிறார்கள். மேலே இரண்டரை, கீழே இரண்டரை சதவீதம் வெளியே. மாதவிடாய் வருகிற வயதுப் பெண்களை எடுத்தால், அந்தக் கூட்டத்திலேயே கணிசமான பேருக்கு இரும்பு இருப்பு தீர்ந்திருக்கும். அவர்களையும் சேர்த்து எடுத்த வரம்பு கீழே இறங்கித்தான் நிற்கும். நிறையப் பேருக்கு இருப்பதாலேயே ஒரு குறை நல்லது ஆகிவிடாது.

இதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. இது என் பாடம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சோதனையிலும் ஆரோக்கியமான ஒருவர் வரம்புக்குள் விழ 95 சதவீத வாய்ப்பு என்றால், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளிலும் உள்ளே விழ வாய்ப்பு 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்றாவது சிவப்பாக வரும், உடம்பில் ஒன்றுமே இல்லாமல். எழுபது சோதனை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் ஒரு சிவப்பும் இல்லாமல் வருவதுதான் அபூர்வம். எனக்கு வந்த சிவப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. உண்மையான பிரச்சினை பச்சையில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு குறை: பழைய ரிப்போர்ட்டைப் பதிவேற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அதை ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை. சில வருடங்களுக்கு முன் எடுத்த ஒன்றை ஏற்றியிருந்தேன். அதில் ஹீமோகுளோபின் 13.6, சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்.சி.வி. 89. இப்போது 12.3, 81. நான்குமே "நார்மல்". ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கின்றன. கூடவே ஆர்.டி.டபிள்யூ. 15.4, மஞ்சள் நிறத்தில், விளக்கம் எதுவும் இல்லாமல். அணுக்களின் அளவு எவ்வளவு ஏறுமாறாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. இரும்பு தீரத் தொடங்கும்போது புதிதாகப் பிறக்கிறவை சிறியவை, பழையவை பெரியவை. இரண்டும் கலந்து ஓடும். அதனால் சராசரி கெடும் முன்பே பெரும்பாலும் இந்த எண் ஏறிவிடும். இரும்பும் வைட்டமின் பி12-உம் ஒன்றாகக் குறைந்தாலும் இதே கதை: ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும், சராசரி எம்.சி.வி. நடுவில் நல்லபிள்ளையாக நிற்கும். வகுப்பில் சராசரியை நடத்தும் யாருக்கும் இது உடனே பிடிபடும். விளக்கம் எழுதிய மென்பொருளுக்குப் பிடிபடவில்லை.

சரி, இப்போது தைராய்டு. இதுதான் ரிப்போர்ட்டில் பெரிதாகச் சிவப்பில் இருந்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 0.21, குறைவு; தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 கொஞ்சம் மேலே. "ஹைப்பர்தைராய்டாக இருக்கக்கூடும், உடனே நிபுணரைப் பாருங்கள்" என்று, அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று, கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். அந்த இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் காலையில்தான் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. நேரம் பதிவு செய்தேன். சொன்ன நேரத்துக்கு ஒரு பெண் மருத்துவர் அழைத்தார்.

அவர் தைராய்டைப் பற்றித் தொடங்கவே இல்லை. "சொல்லுங்கம்மா, என்ன செய்கிறது?" என்று கேட்டார். மாடிப்படியையும் காலையும் சொன்னேன். "ஐஸ் கட்டி மெல்லணும் போல இருக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃப்ரிட்ஜில் தட்டைத் திறந்து ஐஸை வாயில் போட்டு நொறுக்குவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அதை ஒரு அறிகுறியாக நினைத்ததும் இல்லை. இரும்புக் குறைவுக்கே உரிய பழக்கமாம் அது. அப்புறம் கேட்டார்: "கை நடுங்குதா? நெஞ்சு படபடப்பா? எடை குறைஞ்சிருக்கா? சூடு தாங்கலையா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்போ இந்த தைராய்டு ரிப்போர்ட் உங்க உடம்போட பொருந்தலையே. முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டப்பாவை எடுத்துவரச் சொன்னார். பின்பக்கத்தைப் படித்தேன்: பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம், அதோடு கொஞ்சம் இரும்பு, துத்தநாகம். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். "இரத்தம் எடுத்த அன்னைக்கும் போட்டீங்களா?" ஆமாம், ஏழு மணிக்கு. வெறும் வயிற்றில் இருக்கவும் தண்ணீர் குடிக்கலாம் என்றும் மட்டும்தான் எனக்கு வந்த குறுஞ்செய்தி சொன்னது. மாத்திரையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பதிவுப் படிவத்திலும் "என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்" என்ற கேள்வி கிடையாது.

"ரிப்போர்ட்ல டி.எஸ்.ஹெச். பக்கத்துல சின்னதா முறைன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதைப் படிங்க" என்று சிரித்தார். படித்தேன். அவர் விளக்கியது இது: பல இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடித்து நிறுத்த பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் வழிந்தால் கொக்கிகள் அடைபட்டுவிடும். அப்போது டி.எஸ்.ஹெச். போன்ற சோதனைகள் பொய்யாகக் குறைத்துக் காட்டும், டி4 போன்றவை பொய்யாகக் கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசலாக ஹைப்பர்தைராய்டு போலவே இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது, 2019-ல் மறுபடியும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும் இது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்பது அந்த எச்சரிக்கையின் முக்கியமான பகுதி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையான காரணம் இரும்பாகவோ தைராய்டாகவோ இருக்கும். அதைத் தேடிப் போகும் சோதனையையே அந்த மாத்திரை குழப்பிவிடுகிறது. இதை ஒரு வரியில் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியது சோதனையை விற்கிறவரின் கடமை.

அதே மாத்திரை இன்னொன்றையும் கெடுத்திருந்தது. சீரம் அயர்ன் 96 என்று நிம்மதியாக இருந்தது. "இதை நான் நம்ப மாட்டேன்" என்றார் மருத்துவர். சீரம் அயர்ன் என்பது அந்த நேரத்தில் இரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் இரும்பு மட்டுமே. காலையில் இரும்பு கலந்த மாத்திரை போட்டால் சில மணி நேரத்துக்கு ஏறும், ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். தனியாக அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அதைவிட டி.ஐ.பி.சி. என்ற எண்ணை அவர் கவனித்தார்: 425. இரும்பு கிடைக்காதபோது அதைச் சுமக்கும் புரதத்தை உடல் அதிகமாக உற்பத்தி செய்யும், அதனால் இது ஏறும். ஃபெரிட்டினையும் பயோட்டின் குறைத்துக் காட்ட முடியும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். இந்த லேபில் அதற்கு வேறு முறை என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தும், சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் அதையும் மறுபடி பார்க்கச் சொன்னார்.

மாத்திரையை நிறுத்தி, சில நாள் விட்டு, காலை எட்டு மணிக்கு மறுபடி கொடுத்தேன். டி.எஸ்.ஹெச். 2.3, ஃப்ரீ டி4 நடுவில். ஹைப்பர்தைராய்டு என்று எதுவும் இல்லை. சீரம் அயர்ன் 41, டி.ஐ.பி.சி. 430, வகுத்துப் பார்த்தால் செறிவு (சுமக்கும் புரதத்தில் இரும்பு ஏறியிருக்கும் பங்கு) பத்து சதவீதத்துக்கும் கீழே, 20-ஆவது இருக்க வேண்டியது. ஃபெரிட்டின் 14. பச்சையில் இருந்ததுதான் நோய், சிவப்பில் இருந்தது மாத்திரை.

ஹார்மோன் பக்கத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் முழுவதையும் மருத்துவர் அடித்துவிடச் சொன்னார். புரோஜெஸ்டிரான் "மிகக் குறைவு" என்று சிவப்பில் வந்திருந்தது. இரத்தம் எடுத்தது என் மாதவிடாய் முடிந்த கையோடு. அந்தக் கட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் அது குறைவாகத்தான் இருக்கும். கருமுட்டை வெளியானதா என்று பார்க்க வேண்டுமானால் அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு எடுக்க வேண்டும். 28 நாள் சுழற்சி என்றால் 21-ஆம் நாள். மாதச் சுழற்சியை நடத்தும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., எஸ்ட்ரடையால் மூன்றையும் முதல் சில நாட்களில் எடுத்தால்தான் அர்த்தம். என் கடைசி மாதவிடாய் எப்போது என்று இந்தச் சேவை எந்த இடத்திலும் கேட்கவில்லை. தேதி தெரியாமல் பெண்ணின் ஹார்மோன் ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது. கூடவே பயோட்டின் வேறு. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும். பத்தரைக்கு எடுத்ததை எட்டு மணி வரம்போடு ஒப்பிட்டிருந்தார்கள். அப்படியும் அது வரம்புக்குள்தான் இருந்தது. இருந்தும் "அட்ரினல் களைப்பு" என்று ஒரு பத்தி, அதன் கீழே அவர்களே விற்கும் ஒரு பொடிக்கு இணைப்பு. அப்படி ஒரு நோய் இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. களைப்பில் கிடக்கிறவருக்கு இல்லாத நோயைக் காட்டி விற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைத்தது. இரண்டாக இருந்திருக்க வேண்டிய மதிப்பெண் ஒன்றரை ஆனது இதற்காக.

என் அக்காவும் இதே தொகுப்பை எடுத்தாள். அவளுக்கு ருமட்டாய்டு மூட்டுவாதம் பல வருடங்களாக. ஃபெரிட்டின் 58, பச்சை. நானும் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உடம்பில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும், இருப்பு காலியாக இருந்தாலும்கூட. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் அப்படிப்பட்ட பெரியவர்களுக்கு எல்லையை 15-லிருந்து 70-க்கு ஏற்றுகிறது. இதைக் கண்டுபிடிக்க, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ஒரு எளிய சோதனை போதும். எழுபது சோதனைகளில் அது இல்லை! ஃபெரிட்டின் குறைவாக வந்தால் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம், இருப்பு இல்லை. நடுவாகவோ அதிகமாகவோ வந்தால்தான் குழப்பம். காய்ச்சல், கல்லீரல் கொழுப்பு, மூட்டுவாதம் எல்லாம் அதை ஏற்றும். அக்காவுக்கு சி.ஆர்.பி. ஏறியிருந்தது, இரும்புச் செறிவு குறைந்திருந்தது. அவளுடைய மருத்துவரிடம் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

தொலைபேசியில் மருத்துவர் அதிக நேரம் செலவழித்தது எண்களில் இல்லை. "இரும்பு எங்கே போகுது?" என்ற கேள்வியில். மாதவிடாய் எத்தனை நாள், இரவில் எழுந்து பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாக வருகிறதா, மலம் கறுத்துப் போகிறதா, வயிற்று எரிச்சலுக்கு நாள்பட்ட மாத்திரை உண்டா, குடும்பத்தில் கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உண்டா. இரவில் எழுந்து மாற்றுவதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன், யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகப்படியான போக்கு என்று வைத்திருக்கிறார்கள். 80 என்றே வைத்தாலும் மாதம் 40 மி.கி. இது போக எல்லோருக்கும் நாளுக்குச் சுமார் ஒரு மி.கி. வேறு வழிகளில் போகும். மாதத்துக்கு 28 என்று வையுங்கள். மொத்தம் 68, நாளுக்கு ஏறக்குறைய 2.4. குடல் சாதாரணமாக உறிஞ்சுவது நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மி.கி. வரவை விடச் செலவு அதிகம். ஒரு மாதத்தில் தெரியாது. சில வருடங்களில் 89 என்பது 81 ஆகும். என்னைப் பெண்கள் நல மருத்துவரிடம் ஸ்கேனுக்கு அனுப்பினார். கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருந்தது, அதற்கான சிகிச்சை தனியாக நடக்கிறது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் இப்படிக் குறைந்தால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார். மாத்திரை கொடுத்து எண்ணை மட்டும் ஏற்றிவிட்டால் புற்றுநோய்கூட மறைந்து நிற்கலாம். ரிப்போர்ட்டின் விளக்கப் பகுதியில் "காரணம்" என்ற வார்த்தையே இல்லை.

இரும்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறும் என்றுதானே தோன்றும்? ஒரு முறை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி, குடலின் கதவைச் சுமார் ஒரு நாளைக்குச் சாத்திவிடுகிறது. அடுத்த நாள் போடுவதில் உறிஞ்சப்படுவது குறைவு, வயிற்று உபாதை மட்டும் மிச்சம். 2017-ல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வு, இருப்பு குறைந்த இளம் பெண்களிடம் இதை அளந்து காட்டியது. தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடக்கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

பலன் இருந்ததா? இருந்தது, மெதுவாக. முதலில் போனது ஐஸ் ஆசை. பிறகு கால். களைப்பு கடைசியில்தான் விட்டது, அதுவும் முழுதாக இல்லை. மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டின் 38. எல்லாம் இரும்பால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். 2012-ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த 198 பெண்களை இரண்டாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். இரும்பு எடுத்தவர்களுக்குக் களைப்பு ஏறக்குறைய 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரும்புக்கு நிஜமான பங்கு உண்டு. மீதிக்குக் காலம், கவனிப்பு, தூக்கம் என்று வேறு பங்காளிகளும் உண்டு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், மனச்சோர்வு, சர்க்கரை நோய் இவையும் களைப்பாகத்தான் வரும். இவற்றில் முதல் இரண்டை எழுபது சோதனைகளில் எதுவும் காட்டாது.

ஆகவே, இதே போன்ற தொகுப்பை வாங்க நினைப்பவர்களுக்கு: பெரிய தொகுப்பு வேண்டாம். முழு இரத்த அணுச் சோதனை, ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு (மேலே சொன்ன அதே இரும்புச் செறிவு), சி.ஆர்.பி., டி.எஸ்.ஹெச்., பி12, சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் சோதனை. தொடக்கத்துக்கு இது தாராளம். ஹார்மோன் வேண்டுமா, எந்த நாளில் என்பதை ஒரு மருத்துவர் சொன்ன பிறகு எடுக்கலாம். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மெனோபாஸ் தொடங்கிவிட்டதா என்று பார்க்க எஃப்.எஸ்.ஹெச். பெரும்பாலும் தேவையே இல்லை, அறிகுறிகளே போதும். அந்த வயதில் அது மாதத்துக்கு மாதம் குதிக்கும். காலை எட்டு மணிக்குக் கொடுங்கள். இரும்பு மாத்திரையை ஒரு நாள் முன்பும், அதிக அளவு பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாள் முன்பும் நிறுத்திக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எம்.சி.வி. குறைந்திருந்து ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் இரும்பை விழுங்கத் தொடங்காதீர்கள். பிறவியிலேயே வரும் தலசீமியா என்ற இரத்தக் கோளாறின் கூறாக இருக்கலாம், அதற்கு இரும்பு மருந்தில்லை.

இதையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகவே. ஆப்பில் இப்போது பதிவு செய்யும்போது "நீங்கள் எடுக்கும் மாத்திரைகள்" என்று ஒரு கட்டம் வருகிறது, பயோட்டின் என்ற பெயரோடு. மருத்துவருடன் பேசும் வசதியை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடைசி மாதவிடாய்த் தேதியை இன்னும் கேட்பதில்லை. ஃபெரிட்டின் கோடு இன்னும் 10-லிருந்தே பச்சை.